சிறை மீண்டவருக்கு வியாபாரம் கற்பித்தல்: டெக்ஸாஸிலிருந்து சில பாடங்கள்

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கிணறு, கனவு, பொறாமை, பொறுமை எல்லாம் நமக்குப் பாடம். ஆனால் அந்த வரலாற்றின் பிற்பகுதியை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்தவர்கள் குறைவு. பல வருடங்கள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த மனிதர், அரசனிடம் உதவிப்பணம் கேட்கவில்லை. நாட்டின் களஞ்சியங்களைத் தன் பொறுப்பில் தரும்படி கேட்டார். அதற்குத் தகுதியாக அவர் எடுத்துச் சொன்னவை இரண்டு. ஒப்படைத்ததைப் பாதுகாப்பது ஒன்று; அந்த விடயத்தில் அறிவு இருப்பது மற்றது. கடைத்தெரு பாஷையில் சொன்னால், ஒன்று அமானிதம், மற்றது கணக்கு.

"அவர்கள் நபி, குற்றமற்றவர்கள். வெலிக்கடையிலிருந்தும் மஹரயிலிருந்தும் வருகிறவன் அப்படியா?" என்று உடனே சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் தவறு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஆனாலும் அந்த இரண்டு தகுதிகளும் கற்றுக்கொடுக்கக் கூடியவை என்பதே என் கருத்து. அதை ஓர் இடத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். செய்தவர்கள் கிறிஸ்தவர்கள், இடம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம். நல்ல சரக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாலும் இறக்கிப் பார்ப்பதுதானே வியாபாரியின் வேலை.

அதற்கு முன் நம் நாட்டின் நிலையை இரண்டு வார்த்தையில் பார்த்துக்கொள்வோம். நம் சிறைகள் கொள்ளளவை மிஞ்சி நிரம்பி வழிகின்றன. தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். போதைப்பொருள் சம்பந்தப்பட்டவர்களும் அதிகம். சிறைக்குள் தச்சு, தையல், பேக்கரி போன்ற தொழில்கள் பழக்குகிறார்கள், அது உண்மை. ஆனால் வெளியே வந்தவுடன் நடப்பது என்ன? வேலைக்குப் போனால் நற்சான்றிதழ் கேட்கிறார்கள். மத்திய கிழக்குக்குப் போக நினைத்தால் பொலிஸ் அறிக்கை குறுக்கே நிற்கிறது. வங்கிக்குப் போனால் இரண்டு பிணையாளர் வேண்டும். அவருக்குக் கையெழுத்துப் போட சொந்த மச்சானே முன்வருவதில்லை. இத்தனை கதவுகளும் மூடியிருக்க, கேள்வி கேட்காமல் முதலும் சரக்கும் கொடுக்கிற ஒரேயொரு மொத்த வியாபாரி இருக்கிறான். அவன் தூள் வியாபாரி. சரக்கைக் கடனுக்குக் கொடுப்பான், விற்ற பிறகு காசு வாங்குவான், பிணையாளர் கேட்கமாட்டான். நமக்குப் போட்டியாளன் யார் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

டெக்ஸாஸில் நடந்தது

கெத்தரின் ரோர் என்ற பெண்மணி நியூயோர்க்கில் முதலீட்டுத் துறையில் வேலை செய்தவர். கிறிஸ்தவச் சிறை ஊழிய அமைப்பொன்றினருடன் டெக்ஸாஸ் சிறையொன்றைப் பார்க்கப் போனவருக்கு ஒரு விடயம் பட்டது. போதைப்பொருள் விற்றவனுக்குச் சரக்கு வாங்கத் தெரியும். விலை நிர்ணயிக்கத் தெரியும். ஆட்களை வைத்து வேலை வாங்கவும், கடன் வசூலிக்கவும், போட்டியைச் சமாளிக்கவும் தெரியும். கெட்டது அவன் விற்ற பொருளும் அவன் நடந்த வழியும்தான். இந்தத் திறமையை ஹலாலான வியாபாரத்துக்குத் திருப்பினால் என்ன என்று அவர் யோசித்தார் (ஹலால் என்ற சொல் என்னுடையது). 2004 இல் தன் வேலையை விட்டுவிட்டு 'பிரிஸன் என்டர்பிரனர்ஷிப் புரோகிராம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹூஸ்டன் நகருக்கு வடகிழக்கே கிளீவ்லண்ட் என்ற ஊரிலுள்ள சிறை அதன் முக்கிய இடமாக அமைந்தது.

அவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. விண்ணப்பம், பரீட்சை, நேர்முகம் எல்லாம் உண்டு. விடுதலைக்கு நெருங்கியவராக இருக்க வேண்டும். சிறைக் கும்பல்களுடனான தொடர்பை விட வேண்டும். பாலியல் குற்றவாளிகளுக்கு இடமில்லை. சேர்ந்த பிறகும் பொய் சொன்னவர், வீட்டுவேலையைப் பார்த்தெழுதியவர் வெளியேற்றப்படுவார். முதல் சில மாதங்கள் வியாபாரம் என்ற பேச்சே குறைவு, குணநலப் பயிற்சிதான். அதில் வேடிக்கையான ஒரு வழக்கம் உண்டு. கும்பலில் இருந்தபோது வைத்துக்கொண்ட பயங்கரமான பட்டப்பெயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவருக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இனிப்பான ஒரு செல்லப்பெயர் வைப்பார்கள். நம் நாட்டுப் பாதாள உலகத்தாரின் பட்டப்பெயர்களைப் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்கு இதிலுள்ள விஷயம் புரியும். அந்தப் பெயர் இருக்கும்வரை அந்த மரியாதையும் இருக்கும். அந்த மரியாதை இருக்கும்வரை மனிதன் தம்பிலி வண்டி தள்ள மாட்டான்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வியாபாரத் திட்டம் எழுதும் வேலை. என்ன விற்பது, யாருக்கு, எவ்வளவு முதல், எவ்வளவு செலவு, எத்தனை நாளில் முதல் திரும்பும் என்று ஒவ்வொருவரும் எழுதி, பலர் முன்னிலையில் எழுந்து நின்று விளக்க வேண்டும். கேட்கிறவர்கள் வெளியிலிருந்து வருகிற உண்மையான வர்த்தகர்கள், கொம்பனி முகாமையாளர்கள், வங்கிக்காரர்கள். பல்கலைக்கழகங்களில் வியாபார முகாமைத்துவம் படிக்கும் மாணவர்கள் திட்டங்களைத் திருத்திக் கொடுக்கிறார்கள். முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு விழா போலவே ஒரு விழா, மேலங்கியும் தொப்பியும் அணிந்து. குடும்பத்தினரும் வருவார்கள். தகப்பனை அப்படி ஒரு நிலையில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் அதில் உண்டு.

விடுதலையாகிற நாளில் அமைப்பின் ஆட்கள் வாசலுக்கே வந்து அழைத்துப் போகிறார்கள். தங்க இடமில்லாதவருக்கு விடுதி. பிறகு வாராவாரம் மாலை வகுப்பு. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: வந்தவுடன் கடை போடு என்று அவர்கள் சொல்வதில்லை. 90 நாட்களுக்குள் ஒரு சம்பள வேலையில் சேர்ப்பதுதான் முதல் அளவுகோல். வியாபாரம் அதற்குப் பிறகு, முடிந்தவருக்கு. அப்படியானால் அத்தனை மாதங்கள் திட்டம் எழுத வைத்தது வீணா? இல்லை. திட்டம் எழுதியவனுக்கு வரவு செலவு தெரிகிறது, காலக்கெடு தெரிகிறது, கேள்வி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிகிறது. இந்த மூன்றும் தெரிந்தவனை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்வான்.

2009 இல் ஸ்தாபகரே பதவி விலக நேர்ந்தது. பயிற்சி முடித்து விடுதலையான சிலருடன் தனிப்பட்ட உறவு வைத்திருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அமைப்பு விழவில்லை, வேறு நிர்வாகத்தின் கீழ் தொடர்ந்தது. ஒரு ஹாஜியார் மௌத்தானால் அவர் தொடங்கிய அமைப்பும் கூடவே அடங்கிவிடுகிற நம் ஊர்களுக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி. உதவி செய்கிறவருக்கும் உதவி பெறுகிறவருக்கும் இடையில் எந்த எல்லை என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும் என்பதும் இதில் உள்ளது.

எண்களை எப்படிப் பார்ப்பது

டெக்ஸாஸிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013 இல் இத்திட்டம் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி முடித்தவர்களில் மூன்று வருடத்துக்குள் மறுபடி சிறை சென்றோர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. அக்காலத்தில் அந்த மாநிலத்தில் பொதுவாக நூற்றுக்கு 20 பேருக்கு மேல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் வியாபாரி எந்த எண்ணையும் ஒருமுறை புரட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இதே டெக்ஸாஸில் 1997 இல் தொடங்கிய இன்னொரு கிறிஸ்தவத் திட்டம் இருந்தது. அது வியாபாரப் பயிற்சி அல்ல. சமயக் கல்வியை வைத்து நடந்த சீர்திருத்தத் திட்டம். 2003 இல் அதைப் பற்றி வந்த ஆய்வில், முழுமையாக முடித்தவர்களில் 8 வீதத்தினரே இரண்டு வருடத்தில் சிறை திரும்பினார்கள், திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவில் 20.3 வீதம் என்று இருந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. சேர்ந்தவர்கள் 177 பேர். முடித்தவர்கள் 75 பேர் மாத்திரம். இடையில் விலகியவர்களையும் விலக்கப்பட்டவர்களையும் சேர்த்து 177 பேருக்கும் கணக்குப் பார்த்தால் 24.3 வீதம். அதாவது சேராதவர்களை விடச் சற்று அதிகம்.

நூறு தம்பிலி வாங்கியவன் விற்ற எண்பத்தைந்தை மாத்திரம் வைத்து இலாபம் பார்த்து, அழுகிய பதினைந்தை மறைத்தால் அது என்ன கணக்கு? அப்படித்தான் இது. இதற்காகத் திட்டமே பொய் என்று சொல்ல வரவில்லை. கடைசிவரை நின்றவருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் ஏற்கனவே திருந்த நினைத்தவர்தான் கடைசிவரை நிற்கிறார் என்பதும் ஓரளவு உண்மை. பேய்லர் ஆய்வையும் அந்தக் கவனத்தோடுதான் வாசிக்க வேண்டும். அங்கேயும் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த ஆட்கள்தான். நாளை நம் ஊரில் யாராவது இப்படியொரு திட்டம் தொடங்கி, 'நூறு சதவீத வெற்றி' என்று போஸ்டர் அடித்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இந்த இரண்டாவது திட்டம் அயோவா மாநிலத்திலும் நடந்தது. அரசாங்கப் பணத்தில் ஒரு சமயத்தைப் போதிக்கிறார்கள் என்று வழக்குப் போய், 2006 இல் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2007 இல் மேன்முறையீட்டிலும் அடிப்படைத் தீர்ப்பு நிலைத்தது. பல சமயத்தவர் வாழும் நாட்டில் உள்ள நமக்கு இது முக்கியம். தொழுதால்தான் கடன் என்று நிபந்தனை போட்டால், கடனுக்காகத் தொழுகிற ஒருவனைத்தான் உண்டாக்குவோம். நம் ஈமான் நம்மை இந்த வேலைக்குத் தூண்டட்டும், நம் வழக்கங்கள் அதற்கு ஒழுங்கைத் தரட்டும். பக்கத்து அறையில் இருந்த சிங்களச் சகோதரனோ தமிழ்ச் சகோதரனோ கற்றுக்கொள்ள வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

கோடரியும் இரண்டு திர்ஹமும்

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரைப் பற்றிய ஹதீஸ் அபூதாவூத் கிரந்தத்தில் வருகிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை வரவழைத்து அங்கேயே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்டு, இரண்டு திர்ஹமுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹமில் குடும்பத்துக்கு உணவு. மற்றதில் கோடரி. தன் கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும் பதினைந்து நாட்கள் கழித்து வரும்படியும் அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

எவ்வளவு சுருக்கமான தொழில் பயிற்சி! முதல் அவருடைய சொந்தப் பொருளிலிருந்தே வந்தது. அதை ஏலம் விட்டு நல்ல விலை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுச் செலவும் தொழில் முதலும் முதல் நாளே பிரிக்கப்பட்டன. கையில் காசு போகவில்லை, கருவி போனது. தவணை குறிக்கப்பட்டது. தவணை முடிந்ததும் கணக்குப் பார்க்கப்பட்டது. நம்முடைய தொழில் உதவித் திட்டங்களில் தையல் இயந்திரத்தைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு வேலை முடிகிறது. பதினைந்தாம் நாள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

முதல் வகுப்பில் எதைக் கற்பிப்பது?

வகுப்பு நடத்த முன்வரும் வர்த்தக சகோதரர்களுக்கு என் ஆலோசனை, மார்க்கெட்டிங் என்று பெரிய வார்த்தையில் தொடங்க வேண்டாம். மேலே சொன்ன தம்பிலியிலிருந்தே தொடங்கலாம். விலைகள் உதாரணத்துக்காக.

நூறு தம்பிலி, ஒன்று 80 ரூபா வீதம் 8,000 ரூபா. கொண்டுவரும் கூலி 1,500. மொத்தம் 9,500. நாள் முடிவில் 85 விற்கிறது, ஒன்று 150 ரூபா வீதம். 15 வெடிப்பு, பிஞ்சு என்று கழிகிறது. கையில் 12,750 ரூபா. பழக்கமில்லாதவனுக்கு இப்போது என்ன தோன்றும்? பன்னிரண்டாயிரம் சம்பாதித்துவிட்டேன் என்று தோன்றும். வழியில் நண்பர்கள், வீட்டில் பிள்ளைக்குச் சப்பாத்து, 5,000 ரூபா செலவு. மீதி 7,750. மறுநாள் கூலி 1,500 போக 6,250 ரூபாவுக்கு 78 தம்பிலிதான் வரும். கூலி அதேதான். இப்படி ஒரு வாரம் போனால் வண்டி நின்றுவிடும். தூள்காரன் மறுபடி வாசலில் நிற்பான்.

உண்மையில் அவன் சம்பாதித்தது 3,250 ரூபா. அதில் வீட்டுக்கு 2,000, கடன் தவணைக்கு 500, மீதி 750 முதலோடு சேர வேண்டும். மூன்று தனித்தனி டப்பா வைத்து இதைப் பிரிக்கப் பழக்குங்கள். சட்டைப்பையில் இருக்கிற காசெல்லாம் தன் காசல்ல என்பது மண்டையில் ஏற வேண்டும். தூள் விற்ற காலத்தில் கட்டுக்கட்டாகக் காசு புழங்கியவனுக்கு இது மற்றவர்களை விடக் கஷ்டம். ஒரு நாளைக்கு 3,250 என்பது அவனுக்கு அவமானமாகத் தோன்றும். இந்த இடத்தில்தான் ஈமான் பற்றிய பேச்சுக்கு வகுப்பில் வேலை இருக்கிறது. பரக்கத் என்றால் என்ன என்பதை இந்த மூன்று டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் காதில் ஏறும்.

அளவை, நிறுவை மோசடி, பழுதைச் சொல்லி விற்றல், கடனை எழுதி வைத்தல், வட்டியை விலக்குதல் என்று நம் மார்க்கம் வியாபாரத்தில் சொன்னவை யாவும் ஒவ்வொன்றாக வகுப்புப் பாடமாகும். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா ஸூராவில் வரும் நீண்ட வசனத்தை ஓதிவிட்டு, அங்கேயே ஒரு கொப்பியைக் கையில் கொடுத்து எழுத வைக்கலாம்.

யார், எங்கே, எந்தப் பணத்தில்?

பணம் இரண்டாவது பிரச்சினை. தகுதியானவருக்கு ஸகாத்திலிருந்து ஒரு பங்கு, அல்லது வட்டியில்லாத கர்ழ் ஹஸன். எது யாருக்குப் பொருந்தும் என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுச் செய்யுங்கள். பாகிஸ்தானில் டாக்டர் அம்ஜத் ஸாகிப் 2001 இல் தொடங்கிய 'அகுவ்வத்' அமைப்பு பத்தாயிரம் ரூபா கடனொன்றில் தொடங்கி வளர்ந்தது. கடன்களைப் பள்ளிவாசலில் வைத்தே கொடுக்கிறார்கள். வேறு சமயத்தவருக்கும் கொடுக்கிறார்கள். 2021 இல் அவருக்கு மக்ஸேஸே விருது கிடைத்தது. வட்டி இல்லாமல் கொடுத்தால் திரும்பி வராது என்பவர்களுக்கு அதைவிட வேறு பதில் தேவையில்லை. அது சிறை மீண்டவர்களுக்கென்று தொடங்கிய திட்டமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்களுக்கு இன்னும் சிறிய தொகையில், இன்னும் நெருக்கமான கண்காணிப்போடு தொடங்க வேண்டும்.

முதல் பிரச்சினை நேரம். டெக்ஸாஸ் திட்டத்தின் உயிர் அதன் பாடப்புத்தகத்தில் இல்லை, சிறைக்குள் வந்து உட்கார்ந்த அந்த வர்த்தகர்களில் இருக்கிறது. நம் வர்த்தகர்கள் ரமழானில் சிறைக்கு பேரீச்சம்பழமும் கஞ்சி சாமானும் லொறியில் அனுப்புகிறார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்த லொறியோடு மாதம் ஒருமுறை அவர்களும் போய், சிறைச்சாலை அதிகாரிகளின் அனுமதியோடு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தால் என்ன? விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கிற பத்துப் பேர் போதும். எழுத வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வெளியே வந்த பிறகு ஒருவருக்கு ஒரு வர்த்தகர் என்று பொறுப்புக் கொடுக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய அவரோடு கூடப் போவது, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்வது, மொத்தக் கடையில் முதல் மாதம் தன் பெயரில் சரக்கு எடுத்துக் கொடுப்பது, இவை காசை விடப் பெரிய உதவி. வெளியே இருந்த காலத்தில் குடும்பத்தைச் சுமந்த மனைவியையோ தாயையோ விட்டுவிட வேண்டாம். பல வீடுகளில் இடியப்பம் அவித்து, ரோதி தட்டி வியாபாரம் ஏற்கனவே நடக்கிறது; கணவருக்குத் தனியாக ஒன்றைத் தொடங்குவதை விட, அதற்கே அவரை விநியோகத்துக்குப் போட்டால் லேசாக இருக்கும். கணக்குக் கொப்பி மனைவி கையிலேயே இருக்கட்டும். இதைச் சொன்னால் சில கணவன்மாருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஓடுவார்கள், சிலர். எந்த மொத்தக் கடையின் கடன் கொப்பியிலும் வராத கடன் என்று ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பக்கத்தில் கோட்டும் சூட்டும் போட்டவர்களின் பெயர்களும் உண்டு. முதல் கடன் இருபதாயிரத்தைத் தாண்ட வேண்டாம். காசாகக் கொடுக்காமல் சரக்காகவோ வண்டியாகவோ கொடுங்கள். பதினைந்தாம் நாள் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தவணை தவறியவரையும் கொப்பியோடு வந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். கொப்பி இல்லாமல் வந்தால் இரண்டாவது கடன் இல்லை. கொடுத்தவர் பெயரையோ வாங்கியவர் பெயரையோ பள்ளிவாசல் பலகையில் எழுத வேண்டாம். மாதக் கணக்கில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற இரண்டு எண்களை மாத்திரம் ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்தால் போதும்.